அடித்தது யார்?

கிரேக்க மொழியிலே ஒரு சொல் உண்டு. எக்பிளகெய்சா என்பது அது. ஒலிக்க நாவுக்குச் சிறிது முரடு; அதன் பொருளோ நெஞ்சுக்கு அதைவிட முரடு.

கி.மு. 431ஆம் ஆண்டு. ஏதென்ஸ் நகரத்து நாடக அரங்கு. யூரிப்பிடிஸ் எழுதிய 'மீடியா' அரங்கேறுகிறது. முதற் காட்சியிலே ஒரு முதியவள் தனியே வந்து நிற்கிறாள். மீடியாவின் செவிலி அவள். ஆர்கோ என்ற அந்தக் கப்பல் கடலிலே இறங்காமலே இருந்திருக்கலாகாதா, அதற்கு மரம் தந்த காடு வெட்டப்படாமலே இருந்திருக்கலாகாதா என்று ஏங்குகிறாள். கப்பல் வந்திராவிட்டால் ஜேசன் வந்திருக்கமாட்டான். ஜேசன் வந்திராவிட்டால் தன் தலைவி தந்தையை விட்டு, தாய்நாட்டை விட்டு, அவன் பின்னே வந்திருக்கமாட்டாள். வந்ததற்குக் காரணம் என்ன? செவிலி அந்தச் சொல்லை உதிர்க்கிறாள். ஜேசன்மேல் எழுந்த காதலால் நெஞ்சிலே அடியுண்டவளாய்க் கப்பலேறினாள் மீடியா என்கிறாள்.

காதல் கொண்டாள் என்று சொல்லவில்லை. காதலித்தாள் என்று சொல்லவில்லை. அடியுண்டாள் என்கிறாள்!

காதலை மலரென்றும் மதுவென்றும் பாடியோர் பலர். அதை அடியென்று சொன்ன மொழியை நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். அடி என்றால் அடித்த கை ஒன்று இருக்கவேண்டுமல்லவா? அந்தக் கை யாருடையது? இந்த ஒரு வினாவைக் கையிலே பிடித்துக்கொண்டு கிரேக்க இலக்கியத்துக்குள் நுழைந்தால், அழகுச் சொல் ஒன்றின் உள்ளே எத்தனை வழக்குகள் ஒளிந்து கிடக்கின்றன என்பது விளங்கும்.

போர்க்களத்துச் சொல்

முதலிலே சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். 'எக்' என்றால் வெளியே. 'பிளெஸ்ஸோ' என்றால் அடிக்கிறேன். இரண்டும் சேர்ந்தால், அடித்து வெளியே தள்ளுதல். எதை? அறிவை. இருந்த இடத்திலிருந்து அறிவை அடித்து வெளியேற்றுவதுதான் அந்த வினையின் உட்பொருள். அதிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் எக்பிளெக்சிஸ்: திகைப்பு, அதிர்ச்சி, தன்னை மறந்த நிலை. திடீரென ஒருவனை வீழ்த்தி உணர்விழக்கச் செய்யும் நோய்க்குக் கிரேக்க மருத்துவர் இட்ட பெயர் அப்போபிளெக்சியா. அதுவும் இதே அடியின் கிளைதான்.

இந்தச் சொல் காதலர் தோட்டத்திலே பிறந்ததன்று, போர்க்களத்திலே வளர்ந்தது. ஹோமரின் 'இலியட்' காவியத்திலே, பதினாறாம் பகுதியிலே, தெஸ்டோர் என்றொரு வீரன் வருகிறான். பட்ரோக்ளஸ் பாய்ந்து வருவதைக் கண்டதும் அவன் அறிவு அடியுண்டு வெளியேறுகிறது. தேர்த்தட்டிலே ஒடுங்கிக் குந்திவிடுகிறான். கடிவாளம் கையைவிட்டு நழுவுகிறது. தூண்டிலில் சிக்கிய மீனைக் கரைக்கு இழுப்பதுபோல, பட்ரோக்ளஸ் ஈட்டிமுனையிலே அவனைத் தேருக்கு வெளியே இழுத்துப் போடுகிறான்.

அந்தக் கடிவாளத்தை மறந்துவிடாதீர்கள். அடியுண்டவனின் அடையாளம் அதுதான்: தேர் இருக்கிறது, குதிரை இருக்கிறது, ஓட்ட வேண்டிய ஆளும் இருக்கிறான், பிடி மட்டும் இல்லை. அச்சத்தால் பிடி நழுவிய வீரனுக்கு ஹோமர் சொன்ன வினையை, காதலால் நாடு துறந்த பெண்ணுக்கு யூரிப்பிடிஸின் செவிலி சொல்லுகிறாள். உயிர் நடுங்கும் அச்சமும் உயிர் உருகும் காதலும் உடலுக்குள்ளே செய்யும் வேலை ஒன்றுபோலத் தோன்றுவதைக் கிரேக்கர் கண்டிருந்தார்கள். அந்த அளவிலே, இது நேர்மையான சொல். கண்டதைக் கண்டபடி சொன்ன சொல். குறை சொல்லுக்குள் இல்லை. சொல்லை யார் எடுத்து எதற்கு வீசுகிறார்கள் என்பதிலேதான் இருக்கிறது.

மறைந்து நிற்கும் எழுவாய்

வகுப்பிலே செய்வினையும் செயப்பாட்டுவினையும் கற்பிக்கும்போது மாணவரிடம் நான் கேட்பதுண்டு: 'கண்ணாடி உடைக்கப்பட்டது' என்கிறாயே, உடைத்தவன் எங்கே? மாணவர் சிரிப்பர். உடைத்தவன் வாக்கியத்துக்கு வெளியே, கதவுக்குப் பின்னால் நிற்கிறான் என்பது அவர்களுக்குத் தெரியும். செயப்பாட்டு வினையின் சிறப்பும் அதுதான், தீங்கும் அதுதான். பட்டவரைக் காட்டும், செய்தவரை மறைக்கும்.

தமிழிலும் 'படு' என்றும் 'உண்' என்றும் இரண்டு துணைவினைகள் இந்தப் பணியைச் செய்கின்றன. வயப்பட்டாள், கட்டுண்டாள், அடியுண்டாள். எக்பிளகெய்சா என்ற கிரேக்கச் சொல்லும் இவ்வகையானதே. பெண்பாலில் அமைந்த செயப்பாட்டு வடிவம். 'அடியுண்டவள்' என்று தமிழிலே ஒரே சொல்லாகப் பெயர்த்துவிடலாம். பெயர்த்துவிட்டால் போதுமா? அடித்தது யார் என்ற இடம் வெற்றிடமாக நிற்கிறதே! அந்த வெற்றிடத்தை நிரப்பக் கிரேக்கத்தார் கையிலே ஆயத்தமாக ஒரு பெயர் இருந்தது. ஈரோஸ் என்ற தெய்வம். அவன் கையிலே வில்லும் அம்பும். அவன் பின்னே அஃப்ரோடைட்டி என்ற காதல் தேவதை. வெற்றிடத்திலே தெய்வத்தை வைத்தால் வழக்கு முடிந்தது. குற்றமும் இல்லை, கடனும் இல்லை, கணக்கும் இல்லை.

யூரிப்பிடிஸ் அந்த வழக்கை முடிக்க விடவில்லை. மூன்று நாடகங்களிலே மூன்று முறை வழக்கைத் திறந்து வைத்தார். அவருடைய பெருமையை நான் அங்கேதான் காண்கிறேன்.

ஜேசனின் கணக்கு

'மீடியா'வின் கதை நண்பர்கள் பலரும் அறிந்ததே. கொல்கிஸ் நாட்டு மன்னன் மகள் மீடியா. தங்க உரோமத் தோலைத் தேடி வந்த ஜேசனுக்காகத் தந்தையைப் பகைத்தாள். அனல் கக்கும் காளைகளிடமிருந்து அவனைக் காத்தாள். காவலிருந்த பாம்பைக் கொன்றாள். அவனுடைய பகைவன் பீலியஸை அவன் மக்களின் கையாலேயே மாளச் செய்தாள். பிறகு கொரிந்த் நகருக்கு இருவரும் வந்தனர். இரு பிள்ளைகளும் பிறந்தனர். அங்கே ஜேசன், அந்நகர மன்னன் மகளை மணக்கிறான். மீடியாவுக்குக் கிடைத்த கைம்மாறு, நாடு கடத்தும் ஆணை!

அரங்கிலே அமர்ந்திருந்த ஏதென்ஸ் மக்களுக்கு இது வெறும் பழங்கதையாக இருந்திராது. கி.மு. 451ஆம் ஆண்டிலே பெரிக்ளிஸ் கொண்டுவந்த சட்டப்படி, தாயும் தந்தையும் இருவருமே ஏதென்ஸ் குடிகளாக இருந்தாலன்றிப் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை. அயல்நாட்டுப் பெண்ணின் மணவாழ்வு அங்கே எத்தனை மெல்லிய கயிற்றிலே தொங்கியது என்பதைப் பார்ப்போர் அறிவர்.

மீடியாவும் ஜேசனும் நேருக்கு நேர் வழக்காடும் காட்சி வருகிறது. மீடியா தன் கணக்கை விரிக்கிறாள். உன்னைக் காப்பாற்றியவள் நான். உன்னோடு கப்பலேறிய கிரேக்கர் அனைவரும் அதற்குச் சான்று என்பது அவள் வழக்கு. காளை, பாம்பு, பீலியஸ் என்று ஒவ்வொன்றாக எண்ணி வைக்கிறாள். அறிவைவிட ஆர்வம் மிகுந்து வந்துவிட்டேன் என்பதையும் அவளே ஒப்புக்கொள்கிறாள். நீ வலக்கை தொட்டுச் செய்த ஆணை எங்கே என்று கேட்கிறாள்.

ஜேசன் என்ன விடை சொல்லுகிறான்? நீ அதைச் செய்யவில்லை என்று மறுக்க அவனால் முடியாது, சான்று இருக்கிறது. ஆகவே வேறு வழி எடுக்கிறான். என் பயணத்தைக் காத்தவள் நீ அல்ல, அஃப்ரோடைட்டிதான் என்கிறான். ஈரோஸ் தன் தப்பமுடியாத அம்பால் உன்னை வற்புறுத்தினான், அதனால்தான் என் உடலைக் காத்தாய் என்கிறான். அதை மிக நுணுக்கமாக ஆராய வேண்டியதில்லை என்று பெருந்தன்மை காட்டுபவன்போல நகர்ந்தும் விடுகிறான்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! செவிலியின் வாயிலே இரக்கமாக ஒலித்த அதே கருத்து, ஜேசனின் வாயிலே கடன் மறுப்புப் பத்திரமாக மாறிவிட்டது. செவிலி, 'பாவம், அடியுண்டாள்' என்றாள். ஜேசன், 'அடியுண்டாய், ஆகவே உனக்கு நான் ஏதும் தரவேண்டியதில்லை' என்கிறான். செயல் அவளுடையது, பயன் அவனுடையது, நன்றி மட்டும் தேவதைக்கு! தேவதை வந்து கடனைக் கேட்கப் போவதில்லை என்பது அவனுக்குத் தெரியும். இத்தனை மலிவான கடன்தீர்ப்பு வேறு எங்கே கிடைக்கும்?

அடுத்து வரும் பாட்டிலே கொரிந்த் பெண்கள், அஃப்ரோடைட்டி தங்கள் நெஞ்சை இவ்வாறு அடிக்காதிருக்கட்டும் என்று வேண்டுகிறார்கள்; அதே வினைச்சொல்லை ஆளுகிறார்கள். அடியை அவர்களும் அஞ்சுகிறார்கள். ஆனால் அதற்கு முன்னே, ஜேசன் பேசி முடித்தவுடன், அழகாகப் பேசினாய், ஆனால் மனைவியைக் கைவிட்டது அநீதி என்று தீர்ப்புச் சொன்னவர்களும் அவர்களே. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். காதல் அடிக்கும் என்று நம்புகிறவரும், அந்த அடியைக் காட்டி ஒருவன் நன்றி கொல்வதை ஏற்கவில்லை.

மீடியா எங்கே நிற்கிறாள்? காதல் மாந்தர்க்குப் பெருந்தீங்கு என்று அவள் வருந்துவதுண்டு. ஆனால் ஜேசனோடு வழக்காடும்போது, 'அடியுண்டேன், அறியாமல் செய்தேன்' என்று அவள் சொல்லவேயில்லை. செய்தேன், நான் செய்தேன், உனக்காகச் செய்தேன் என்கிறாள். செய்வினையிலே பேசுகிறாள்! அந்த நாடகத்திலே செயப்பாட்டு வினை, அவளைப் பற்றிப் பிறர் பேசும் மொழி. செய்வினை, அவள் தன்னைப் பற்றிப் பேசும் மொழி.

இதனால் மீடியாவை நான் போற்றிப் புகழ்கிறேன் என்று யாரும் எண்ணவேண்டாம். கடைசியிலே பெற்ற பிள்ளைகளைத் தன் கையால் கொல்லுகிறாள். அதற்கு நியாயம் கற்பிக்க எந்தத் திறனாய்வும் துணியாது. ஆனால் ஆசிரியர் அங்கேயும் அவளைப் பொம்மையாக்கவில்லை. செய்யப்போவது கொடுமை என்று தனக்குத் தெரியும் என்கிறாள். ஆனால் எண்ணத்தைவிடத் தன் தூமோஸ் வலிது என்கிறாள். தூமோஸ் என்பது கொதிக்கும் நெஞ்சம். முதற் காட்சியிலே காதலால் அடியுண்டது என்று செவிலி சொன்னதும் இதே தூமோஸ்தான். அன்று அடியுண்ட நெஞ்சு இன்று அடிக்கிறது. நாடகத்தின் தொடக்கத்தையும் முடிவையும் ஒரே சொல்லால் இறுக்கிக் கட்டியிருக்கிறார் யூரிப்பிடிஸ். அந்த ஆண்டுப் போட்டியிலே இந்த நாடகத்துக்குக் கிடைத்தது மூன்றாம் இடம். அதாவது கடைசி இடம். பரிசு பெற்றவற்றுள் எத்தனையோ மறைந்தன. கடைசியில் நின்றது இன்றும் உலக அரங்குகளில் நடிக்கப்படுகிறது.

பீட்ராவின் மூன்று முயற்சிகள்

மூன்றாண்டு கழித்து, கி.மு. 428இல், 'இப்போலிட்டஸ்' அரங்கேறியது. முதற் பரிசும் பெற்றது. இங்கே வெற்றிடம் இல்லை. அஃப்ரோடைட்டியே முதற் காட்சியில் வந்து, அடித்தது நான்தான் என்று அறிவிக்கிறாள். தன்னை மதிக்காத இப்போலிட்டஸைப் பழிவாங்க வேண்டும். அதற்காக அவனுடைய சிற்றன்னை பீட்ராவை அவன்மேல் காதல்கொள்ளச் செய்திருக்கிறாள். காதலின் முட்களால் அடியுண்டு பீட்ரா தேய்கிறாள் என்று சொல்லும்போது ஆளுவது அதே வினைதான். பீட்ரா நற்குலத்தாள், குற்றமற்றவள், ஆயினும் அழிவாள், அதற்காக என் பழியை விட்டுவிடுவேனா என்கிறாள் அந்தத் தேவதை. ஒருவன்மேல் கோபம், அடி இன்னொருத்திக்கு! தெய்வத்தின் நீதி இது என்று ஒரு சொல்லும் கூட்டாமல் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார் ஆசிரியர்.

அடித்தது தெய்வம் என்று தெய்வமே சாட்சி சொன்ன பிறகு, பீட்ரா என்ன செய்யவேண்டும்? ஜேசனின் கணக்குப்படி பார்த்தால் அவளுக்கு விடுதலை கிடைத்துவிட்டது. அவளுடைய செவிலி அதையே ஓதுகிறாள். தேவர்களே காதலித்தார்கள், சியூஸ் காதலித்தான். தேவரைவிடச் சிறந்தவளாக இருக்க விரும்புவது ஆணவமன்றோ, அடங்கிப் போ என்கிறாள். புராணத்தை எடுத்து ஒழுக்கத்தின் தலையிலே அடிக்கும் வாதத்தை இத்தனை தெளிவாக மேடையேற்றிய ஆசிரியரை என்னவென்று புகழ்வது!

பீட்ரா அந்த விடுதலையை ஏற்கவில்லை. காதல் தன்னைக் காயப்படுத்தியது என்று சொல்லுகிறாள். சொன்ன மறுகணமே, அதை எவ்வாறு தாங்குவது என்று ஆராய்ந்தேன் என்கிறாள். முதலில் வாய் மூடினாள். பிறகு தன்னடக்கத்தால் வெல்ல முயன்றாள். இரண்டும் பயன்படாமற் போகவே சாவதென முடிவு செய்தாள். அடி விழுந்ததை அவள் மறுக்கவில்லை. அடி விழுந்த பிறகு என்ன செய்வது என்பது தன் பொறுப்பு என்கிறாள். நழுவிய கடிவாளத்தைத் தேடும் கை அது.

அவள் தோற்றாள். தோற்றதோடு நில்லாமல், தன் பெயரைக் காக்க இப்போலிட்டஸ்மேல் பொய்ப்பழி எழுதி வைத்துவிட்டு இறந்தாள்; அந்தப் பொய்யால் ஓர் இளைஞன் மாண்டான். காயம் தேவதை தந்ததாக இருக்கலாம். அந்தக் கடிதம் தேவதை எழுதியதன்று. நாடகம் இந்த வேறுபாட்டை மங்கவிடாமல் காக்கிறது.

ஹெக்குபாவின் ஒரு வீச்சு

கி.மு. 415இல் 'ட்ரோஜன் பெண்கள்'. டிராய் எரிந்து சாம்பலாகிவிட்டது. போருக்குக் காரணமென்று பழிக்கப்பட்ட ஹெலன், கணவன் மெனெலாஸ் முன்னே நிறுத்தப்படுகிறாள். தான் போகவில்லை, அஃப்ரோடைட்டி இழுத்துச் சென்றாள் என்று வாதாடுகிறாள். சியூஸே அவளுக்கு அடிமையாக இருக்க நான் எம்மாத்திரம் என்கிறாள்.

எதிரே நிற்பவள் ஹெக்குபா. கணவனை இழந்தவள், மக்களை இழந்தவள், அரசை இழந்து அடிமையாகப் போகிறவள். அவள் விடை நெருப்பு. என் மகன் அழகன். அவனைக் கண்டதும் உன் மனமே அஃப்ரோடைட்டியாக மாறிற்று என்கிறாள். மாந்தரின் மடமைகளுக்கெல்லாம் அந்தத் தேவதையின் பெயரைச் சூட்டுகிறார்கள் என்கிறாள். கிரேக்கத்திலே மடமைக்கு அஃப்ரோசினி என்று ஒரு சொல். தேவதையின் பெயரும் மடமையின் பெயரும் ஒரே எழுத்துக்களிலே தொடங்குவது பொருத்தந்தான் என்று குத்திக்காட்டுகிறாள். மெனெலாஸும் ஒப்புகிறான்: இவள் தானே விரும்பிச் சென்றாள், தேவதையை இழுப்பது வீண் பகட்டு என்கிறான்.

வெளியே இருந்த தெய்வத்தை மனத்துக்குள்ளே கொண்டுவந்து நிறுத்திய வீச்சு அது. அடித்தது யார் என்ற வினாவுக்கு, 'உன் மனம்' என்பது விடை. தெய்வ நம்பிக்கை மலிந்த ஒரு நகரத்து அரங்கிலே, 2,400 ஆண்டுகளுக்கு முன்னே, ஒரு பெண் பாத்திரத்தின் வாயிலே இதை வைத்தாரே, அந்தத் துணிவைத்தான் நான் இலக்கியம் என்கிறேன்.

எதிர்வாதத்தையும் மறைக்காமல் சொல்வது நம் கடமை. அதே தலைமுறையிலே, சிசிலித் தீவின் லியோண்டினி நகரத்தவரான கோர்ஜியஸ் என்ற பேச்சறிஞர், ஹெலனுக்காகவே ஓர் உரை எழுதினார். தெய்வ விருப்பம், வன்முறை, சொல்லின் மயக்கம், காதல் என்ற நான்கில் ஒன்றால்தான் அவள் போயிருக்க வேண்டும்; நான்கில் எதுவாயினும் அவள்மேல் பழியில்லை என்பது அவர் வாதம். காதல் தெய்வமானால் வலிமை குறைந்தவள் எதிர்க்க இயலாது. காதல் மனித நோயானால் அது துன்பமேயன்றிக் குற்றமன்று. போர்க்கோலத்தைக் கண்ட மாத்திரத்தில் வீரர் அடியுண்டு ஓடுவதையும் சான்று காட்டுகிறார். வாதத்தின் வன்மை பெரிது. ஒரு பெண்மேல் ஊரே கல்லெறியும்போது, 'பொறுங்கள், காரணத்தை ஆராயுங்கள்' என்று ஒருவர் சொன்னது பாராட்டத்தக்கதே. ஆனால் அவருடைய நான்கு வாயில்களிலும் தேடிப் பாருங்கள். 'அவளே எண்ணி, அவளே விரும்பி' என்ற ஐந்தாவது வாயில் இல்லை. பழியை நீக்கினார், கூடவே அவளுடைய மனத்தையும் நீக்கிவிட்டார். உரையின் முடிவிலே, இது என் விளையாட்டுப் பொருள் என்றும் சொல்லிவிட்டார்.

அடியுண்டவளே எழுதினால்

இதுவரை பார்த்தவை எல்லாம் பெண்ணைப் பற்றி ஆண் எழுதியவை. அடியுண்டவளே எழுதினால் எப்படி இருக்கும்? லெஸ்போஸ் தீவின் சாஃபோவைப் பாருங்கள். கி.மு. 600ஐ ஒட்டி வாழ்ந்த கவிஞர். அன்புக்குரிய பெண் வேறொருவன் அருகே அமர்ந்து பேசுவதைக் கண்டபோது தன் உடலில் நேர்ந்தவற்றை ஒரு பாட்டிலே வரிசைப்படுத்துகிறார். குரல் அற்றது, தோலுக்கடியில் தீ ஓடிற்று, கண் இருண்டது, காது இரைந்தது, வியர்த்தது, நடுங்கிற்று, நிறம் வெளுத்தது, சாவு அருகே நின்றது. பிற்காலத்து நூல் ஒன்று, 'உன்னதம்' பற்றிய திறனாய்வு, அதை மேற்கோளாக எடுத்தாண்டதால் அந்தப் பாட்டு நமக்கு மிஞ்சியது. ஒரு திறனாய்வாளர் செய்த பேருதவி!

வேறு பாட்டிலே சாஃபோ அஃப்ரோடைட்டியை அழைப்பார். ஆனால் நமக்குக் கிடைத்துள்ள இந்தப் பாட்டிலே, அடித்தது இன்ன தெய்வம் என்று அவர் எழுதவில்லை. உடலைப் பார்க்கிறார், எண்ணுகிறார், எழுதுகிறார். அறிவு அடியுண்டு வெளியேறியிருந்தால் எண்ணியது யார்? எழுதியது யார்? அங்கே பிடி நழுவவில்லை. நடுங்கும் கையிலே கடிவாளம் இருக்கிறது.

அந்தப் பட்டியல் பின்னாளிலே மருத்துவருக்கும் பயன்பட்டதாக ஒரு வரலாறு உண்டு. சிரியாவை ஆண்ட செலூகஸின் மகன் அன்டியோகஸ் காரணம் தெரியாமல் மெலிந்து படுக்கையில் விழுந்தான். மருத்துவர் எராசிஸ்ட்ராட்டஸ் தெய்வக் குற்றம் தேடவில்லை. நோயாளியின் அறையிலே நாள்தோறும் அமர்ந்து, யார் உள்ளே வரும்போது முகம் மாறுகிறது என்று பார்த்தார். இளைய அரசி ஸ்ட்ராடோனிகி வந்தால் மட்டும் குரல் தடுமாறிற்று, முகம் சிவந்தது, வியர்த்தது, நெஞ்சு படபடத்தது. இவை சாஃபோ கூறிய குறிகளே என்று புளூட்டார்க் எழுதுகிறார். கி.பி. 2ஆம் நூற்றாண்டில், ரோம் நகரிலே, காலன் என்ற மருத்துவர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். தூக்கமின்றி வாடிய ஒரு பெண்ணின் நாடி, பிலேட்ஸ் என்ற ஆடற்கலைஞனின் பெயரைக் கேட்டதும் தடுமாறுவதைக் கண்டார். உடனே முடிவுகட்டவில்லை. அடுத்தடுத்த நாட்களில் வேறு ஆடுவோரின் பெயரைச் சொல்லச் செய்து சோதித்தார், நாடி அசையவில்லை. மீண்டும் பிலேட்ஸின் பெயர், மீண்டும் தடுமாற்றம். அதன்பின்தான் முடிவு சொன்னார். ஆய்வென்றால் இதுவன்றோ ஆய்வு! ஈரோஸின் அம்பு போன இடம் தெரியவில்லை. நாடி மட்டும் துடிக்கிறது.

ஆனால் எராசிஸ்ட்ராட்டஸ் கதையின் முடிவை விழிப்போடு படியுங்கள். நோய் தெரிந்தது, மருந்து என்ன? தந்தை செலூகஸ் தன் மனைவியையே மகனுக்கு மணம் முடித்து வைத்தான். ஸ்ட்ராடோனிகியின் விருப்பம்? அவளுக்குத் தயக்கம் இருக்குமானால், அரசன் முடிவு செய்ததே நல்லது, நீதியானது என்று நண்பர்கள் அவளுக்கு எடுத்துச் சொல்லட்டும் என்றானாம். ஆண் அடியுண்டால் அரண்மனையே மருத்துவமனை. பெண் அதற்கு மருந்து. அவளுடைய நாடியை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. தெய்வத்தை வெளியேற்றிய அறிவு, ஆதிக்கத்தை வெளியேற்ற மறந்துவிட்டது. தெய்வத்தை மறுத்துவிட்டால் பகுத்தறிவு முழுமை பெற்றுவிட்டது என்று எண்ணும் இளைஞர், இந்த ஒரு கதையை இருமுறை படிக்க வேண்டும்.

மூன்று வினாக்கள்

அப்படியானால் இந்தச் சொல்லை என்ன செய்வது? ஒதுக்கிவிடலாமா? கூடாது. காதல் என்பது காசு எண்ணிக் கொடுத்து வாங்கும் பண்டமன்று. எதிர்பாராத நேரத்தில், எதிர்பாராதவர் முன்னே, உடல் நடுங்கி உள்ளம் திகைப்பது மெய். அதை ஒரே அடியில் சொல்லும் எக்பிளெக்சிஸ் அரிய சொல். துன்பியல் நாடகத்திலே உண்மை வெளிப்படும் கணத்தில் பார்ப்போருக்கு எழும் அதிர்ச்சிக்கும் அரிஸ்டாட்டில் இதே அடியிலிருந்துதான் சொல்லெடுத்தார். உணர்ச்சியைச் சொல்ல அது வேண்டும். செயலை மறைக்கத்தான் அது கூடாது.

ஆகவே, கிரேக்கத்திலாயினும் தமிழிலாயினும், கவிதையிலாயினும் கதையிலாயினும், ஒருத்தி காதலால் அடியுண்டாள், வயப்பட்டாள், ஆட்பட்டாள் என்று வாசிக்கும்போது மூன்று வினாக்களை எழுப்புங்கள். சொல்லுகிறவர் யார்? யாரைப் பற்றிச் சொல்லுகிறார்? அப்படிச் சொல்வதால் யாருடைய கடன் கழிகிறது? செவிலி சொன்னால் அது இரக்கம். ஜேசன் சொன்னால் அது ஏய்ப்பு. ஹெலன் சொன்னால் அது தற்காப்பு. சாஃபோ சொன்னால் அது அறிவு. சொல் ஒன்றுதான், சொல்லும் வாய்க்கேற்ப அதன் பொருள் மாறுகிறது.

இந்த வினாக்களோடு 'மீடியா'வை மீண்டும் படியுங்கள். ஜேசன் தன் கடனைத் தேவதையின் பெயரில் எழுதிவைக்கும் அந்த இடம் வரும்போது, ஏட்டின் ஓரத்திலே ஒரு சிறு கோடு இட்டு வையுங்கள். காளைகளிடமிருந்து அவனைக் காத்தது அம்பு அன்று. ஒரு பெண்ணின் கை.